பெம்பூர் பன்னிரண்டும் எலெக்ட்ரானிக் சிட்டியும்

எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வரலாறு இல்லை என்பது இங்குப் பணிபுரிவோர் பலரது எண்ணம். 1970களின் இறுதியில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் ஆகிய சிற்றூர்களின் நிலத்தில் இதனை உருவாக்கத் தொடங்கியது. அதற்கு முன் வெறும் வயல்வெளி என்பர். அவ்வயல்வெளிக்கு ஏறத்தாழ 1100 ஆண்டுப் பழமையுள்ள எழுத்துச் சான்று, அருகிலுள்ள பேகூரில் கிடைத்துள்ளது.

கங்க மன்னன் எறெயப்பன் காலத்து வீரக்கல் அது. தும்பெபாடிப் போரில் யானையை எதிர்த்துப் பொருது நாகத்தரன் என்னும் தலைவன் வீழ்ந்தான். அவனது பட்டத்தை இருகன் என்பானுக்குச் சூட்டிய மன்னன், ‘பெம்பூர் பன்னிரண்டு’ என்ற ஊர்த்தொகுதியைக் கல்நாடாக அளித்தான். செங்கம் நடுகற்களைப் படித்துப் பழகியோர்க்கு இக்கல் வியப்பளிக்கும். அவை பெரும்பாலும் வீரன் பெயர், பூசல், இறப்பு என்பதோடு நின்றுவிடும். இதுவோ ஊர்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ணுகிறது. பெம்பூரை அடுத்து வரும் பெயர் தொவகூரு. ஈருயிர்க்கு இடைப்பட்ட வகரம் கெட்டு முன்னுயிர் நீண்டால் கிடைப்பது தோகூர். இன்றைய தொட்டதோகூர் இதுவே என்பது என் துணிபு. ‘தொட்ட’ என்பது ‘பெரிய’ எனப் பொருள்படும் பிற்கால அடைமொழி.

பெம்பூர் என்பதே இன்றைய பேகூர். மடிவாளா சோமேசுவரர் கோயிலின் 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இதனை ‘வேப்பூர்’ என்கிறது. அக்கோயிலின் பிறிதொரு தமிழ்க் கல்வெட்டில் ‘வெங்களூர்’ பெரிய ஏரியும் இடம்பெறுகிறது. தமிழில் சொன்முதல் வகரம் நிற்குமிடத்துக் கன்னடத்தில் பகரம் வருவது அறிந்ததே: வேம்பு–பேவு, வேட்டை–பேட்டெ, வில்–பில். ஆகவே வெங்களூர் என்பது பெங்களூருவின் சிதைவன்று. தமிழ் எழுத்தர் தம் மொழியின் ஒலிமரபில் எழுதிய வடிவம். எம்மொழியார் பெயர் மூலம் என்று இணையத்தில் ஓயாது நிகழும் சண்டைக்கு இக்கற்கள் இரு தரப்பிலும் உதவா.

ஒய்சள அரசன் வீர பல்லாளனுக்கு ஒரு மூதாட்டி வேகவைத்த பயறு அளித்ததால் ‘பெந்த காளூரு’ என்ற பெயர் தோன்றியதாம். சுவையான கதைதான்! ஆனால் பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள, ஏறத்தாழ 890ஆம் ஆண்டைச் சேர்ந்த வேறொரு கல், ‘பெங்களூருப் போரில்’ இறந்தவனைக் குறிக்கிறது. பல்லாளன் பெயர் தாங்கிய முதல் ஒய்சளனுக்கும் அது இரு நூற்றாண்டு மூத்தது.

நேரில் காண விழையும் மாணவர்கள் இரண்டு இடங்களுக்குச் செல்ல வேண்டும். போரைச் சொல்லும் கல் பேகூர்க் கோயிலில் உள்ளது. பன்னிரண்டு ஊர்களைச் சொல்லும் கல் கஸ்தூர்பா சாலையிலுள்ள அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது.