இரும்பின் விலையும் பெயரின் விலையும்



ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நெடுஞ்சாலை ஓய்விடம் ஒன்றில் குடும்பத்தோடு பசியாறிக்கொண்டிருக்கிறீர்கள். தொலைவில் இடி உருண்டு வருவது போன்ற ஓர் ஓசை. சற்று நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பெரிய மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. தாழ்ந்த இருக்கை, அகன்ற கைப்பிடி, கண்ணைப் பறிக்கும் குரோமியப் பளபளப்பு. உங்கள் மகன் எழுந்தோடிப் பார்த்துவிட்டு வந்து, "அப்பா, அது என்ன விலை?" என்று கேட்கிறான். விலையை அறிந்த நீங்கள், "அந்தக் காசுக்கு நல்ல கார் ஒன்று வாங்கலாமே!" என்கிறீர்கள்.

கணக்குப்படி நீங்கள் சொல்வது சரிதான். காரில் நான்கு பேர் போகலாம், மழைக்கு ஒதுங்கலாம். இந்த வண்டியை விட விரைவாக ஓடும் மோட்டார் சைக்கிள்கள் இதில் பாதி விலைக்கும் கிடைக்கின்றன. அப்படியிருந்தும் இதைத் தேடி வாங்குகிறார்கள். வாங்கிய பின் உதிரிப்பாகங்களுக்கும் அலங்காரப் பாகங்களுக்கும் மேலும் மேலும் செலவிடுகிறார்கள். இது ஏன்?

எந்தப் பொருளுக்கும் இரும்பின் விலை என்று ஒன்று உண்டு. பெயரின் விலை என்று இன்னொன்று உண்டு. இந்த இரண்டும் எப்படிச் சேர்கின்றன, எப்போது பிரிகின்றன என்பதைக் காட்டும் வரலாறு ஒன்றை இன்று பார்ப்போம். குரூசர் வகை மோட்டார் சைக்கிள்களில் உலகம் நன்கறிந்த ஹார்லி டேவிட்சனின் வரலாறுதான் அது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மில்வாக்கி என்றொரு தொழில் நகரம். அங்கே 1903-ஆம் ஆண்டில், டேவிட்சன் குடும்பத்தாரின் வீட்டுக்குப் பின்புறம் பத்தடி அகலமும் பதினைந்தடி நீளமும் கொண்ட ஒரு மரக் கொட்டகையில், வில்லியம் ஹார்லி, ஆர்தர் டேவிட்சன் என்ற இரு இளைஞர்கள் தங்கள் முதல் வண்டியை உருவாக்கினார்கள். ஆர்தரின் சகோதரர்கள் வால்டரும் வில்லியமும் உடன் சேர்ந்தனர். 1907-இல் அது முறையாகப் பதிவு பெற்ற நிறுவனமாயிற்று.

1909-ஆம் ஆண்டில் அவர்கள் இரண்டு சிலிண்டர் கொண்ட இயந்திரத்தை வெளியிட்டார்கள். அந்தச் சிலிண்டர்கள் 45 பாகைக் கோணத்தில் ஆங்கில 'வி' எழுத்தைப் போல விரிந்து நின்றன. இந்த அமைப்பைச் சற்று விளங்கிக்கொள்வது நல்லது. பின்னாளில் கோடிக்கணக்கான வெள்ளி இதனைச் சுற்றித்தான் புரண்டது. இரண்டு பிஸ்டன்களின் தண்டுகளும் சுழல் அச்சில் உள்ள ஒரே முளையில் பூட்டப்பட்டிருக்கின்றன. ஆகவே சிலிண்டர்களில் எரிபொருள் சமமான இடைவெளியில் வெடிப்பதில்லை. ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் அச்சு 315 பாகை சுழல்கிறது. அதற்கடுத்த வெடிப்புக்கு 405 பாகை சுழல வேண்டியிருக்கிறது. நொண்டி நொண்டி ஓடும் குதிரையின் குளம்பொலி போல ஓசை எழுவது இதனால்தான். சீரான ஓட்டத்தை விரும்பும் பொறியாளர் இதை ஒரு குறை என்பார். அந்தக் குறையே பிற்காலத்தில் அந்த வண்டியின் அடையாளமாகிவிட்டது.

ஆரம்ப காலத்தில் மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளன்று. கார் வாங்க இயலாதவரின் வாகனம் அது. அந்த நிலையை மாற்றியவர் ஹென்றி ஃபோர்டு. 1908-இல் 850 அமெரிக்க வெள்ளிக்கு அறிமுகமான அவருடைய 'மாடல் டி' கார், 1920-களின் நடுவில் 300 வெள்ளிக்கும் கீழே இறங்கிற்று. பக்கப்பெட்டி பூட்டிய ஒரு மோட்டார் சைக்கிளுக்கு ஏறக்குறைய அதே விலை. அப்படியானால் குடும்பத் தலைவர் எதை வாங்குவார்? அன்று முதல் அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் தேவைக்கு வாங்கும் பொருளாக இல்லாமல் ஆசைக்கு வாங்கும் பொருளாக மாறத் தொடங்கியது. குரூசரின் கதைக்கு வித்து இங்கேதான் விழுந்தது.

1929-இல் தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சி இந்தத் தொழிலை உலுக்கியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 21,000 வண்டிகள் செய்துவந்த நிறுவனம் 1933-இல் நான்காயிரத்துக்கும் குறைவாகவே செய்தது. அந்த நெருக்கடிக் காலத்தில் தன் வண்டியைத் தயாரிக்கும் உரிமையை ஜப்பானிய நிறுவனம் ஒன்றுக்கு விற்றது. 'ரிக்குவோ', அதாவது 'தரைவேந்தன்' என்ற பெயரில் அவை ஜப்பானில் ஓடின. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பான் இந்தக் கதைக்குள் மீண்டும் வரப்போகிறது.

1936-இல் புதிய இயந்திரத்தோடும் கண்ணீர்த்துளி வடிவ எண்ணெய்த் தொட்டியோடும் ஒரு வண்டி வெளிவந்தது. அதன் விலை 380 வெள்ளி. இன்றைய குரூசர்களின் தோற்றம் பெரும்பாலும் அதன் வழி வந்ததே. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் படைகளுக்கு ஏறத்தாழ 90,000 வண்டிகளைச் செய்து கொடுத்தார்கள். போர் முடிந்து திரும்பிய இளைஞர்கள் பலர் பழைய வண்டிகளை வாங்கி, தேவையற்ற பாகங்களைக் கழற்றி எறிந்து, தம் விருப்பப்படி மாற்றிக்கொண்டார்கள். முன்சக்கரக் கவைகளை நீட்டினார்கள், கைப்பிடிகளை உயர்த்தினார்கள். உதிரிப்பாகம் என்பது பழுது நீக்க மட்டுமே என்ற நிலை போய், வண்டிக்காரரின் குணத்தைக் காட்டும் அணிகலனாயிற்று.

இந்த ஆசையை நம்பி ஒரு தனிச் சந்தையே தோன்றியது. 1958-இல் தொடங்கிய எஸ் அண்டு எஸ் என்ற நிறுவனம் ஹார்லி வண்டிகளுக்கு வலிமை கூட்டும் பாகங்களைச் செய்தது; நாளடைவில் முழு இயந்திரங்களையே செய்து விற்றது. சட்டகம், சக்கரம், புகைக்குழாய் என்று ஒவ்வொன்றையும் செய்யப் பலர் முன்வந்தார்கள். ஹார்லி தொழிற்சாலையில் செய்யப்பட்ட ஒரு திருகாணி கூட இல்லாமல், பார்வைக்கும் ஓசைக்கும் ஹார்லியைப் போலவே இருக்கும் ஒரு வண்டியைக் கட்டிவிடலாம் என்ற நிலை வந்தது. ஆனால் பதிவுப் புத்தகத்தில் அந்தப் பெயர் இராது. விற்கப் போனால் பொதுவாக அந்த விலையும் வராது. இரும்பு ஒன்றே, பெயர் மட்டுமே வேறு. இரண்டு விலைகளும் எங்கே பிரிகின்றன என்பதை இங்கே கண்கூடாகக் காணலாம்.

அப்படியானால் பெயர் இருந்தால் போதுமா? போதாது என்பதைத்தான் அடுத்து வந்த ஆண்டுகள் காட்டின.

1901-இல் பிறந்த முக்கியப் போட்டி நிறுவனமான 'இண்டியன்', 1953-இல் உற்பத்தியை நிறுத்தியது. அமெரிக்காவில் எஞ்சி நின்ற பெரிய மோட்டார் சைக்கிள் நிறுவனம் ஹார்லி ஒன்றே. 1969-இல் ஏ.எம்.எஃப். என்ற பெருநிறுவனம் அதனை வாங்கியது. புதிய உரிமையாளர்கள் பணம் போட்டார்கள். உற்பத்தியைச் சில ஆண்டுகளில் மூன்று மடங்குக்கும் மேலாக உயர்த்தினார்கள். எண்ணிக்கை உயர்ந்தது, தரம் சரிந்தது. சில பாகங்கள் பூட்டப்படாமலே வண்டிகள் உற்பத்தி வரிசையை விட்டு இறங்கின. விற்பனைக் கூடத்தில் புது வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்டுவதை மறைக்க அட்டை விரித்து வைக்க வேண்டியிருந்தது.

அதே 1969-இல் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் நான்கு சிலிண்டர் கொண்ட 'சிபி 750' வண்டியை ஏறத்தாழ 1,500 வெள்ளிக்குக் கொண்டுவந்தது. அது விரைவாக ஓடியது, எண்ணெய் ஒழுகவில்லை, பொத்தானை அழுத்தினால் இயங்கியது. 1970-களின் தொடக்கத்தில் பெரிய வண்டிகளின் அமெரிக்கச் சந்தையில் நாலில் மூன்று பங்கு ஹார்லியிடம் இருந்தது. 1983-இல் அது நாலில் ஒரு பங்குக்கும் கீழே போயிற்று. எண்பது ஆண்டுப் பெயர் பதினான்கே ஆண்டுகளில் கரையத் தொடங்கியது.

1981-இல் வான் பீல்ஸ் என்பவர் தலைமையில் நிர்வாகிகள் பதின்மூவர், பெரும்பாலும் கடன் பணத்தில், ஏறத்தாழ 80 மில்லியன் வெள்ளிக்கு நிறுவனத்தை மீட்டு வாங்கினார்கள். நிறுவனரில் ஒருவரின் பேரரான வில்லி ஜி. டேவிட்சனும் அவர்களுள் ஒருவர். மறு ஆண்டே விற்பனை மேலும் வீழ்ந்தது. தொழிலாளர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் வரை வேலை இழந்தார்கள். பெயரைக் காக்கத் தவறிய தவறு மேலிடத்தில் நடந்தது. அதன் சுமையை முதலில் சுமந்தவர்கள் பட்டறையில் நின்றவர்கள்.

1983-இல் அதிபர் ரீகன், 700 சி.சி.-க்கு மேற்பட்ட இறக்குமதி மோட்டார் சைக்கிள்களுக்கு இருந்த 4.4 விழுக்காட்டு வரியை 49.4 விழுக்காடாக உயர்த்தினார். ஐந்தாண்டுகளில் படிப்படியாகக் குறையும்படி அது வகுக்கப்பட்டது. ஜப்பானியரும் சளைக்கவில்லை. இயந்திரத்தை 699 சி.சி.-யாகச் சுருக்கி, வரி வேலியைத் தாண்டாமல் அதன் ஓரமாகவே நடந்து சென்றார்கள்!

ஹார்லியைக் காத்தது வரி மட்டுமே என்று கொள்ளக்கூடாது. அதன் நிர்வாகிகள் ஓஹையோ மாநிலத்தில் இருந்த ஹோண்டாவின் தொழிற்சாலைக்குச் சென்று பார்த்தார்கள். மலை போலப் பாகங்களைக் குவித்து வைக்காமல், தேவைப்படும் வேளையில் தேவைப்படும் அளவே தருவிக்கும் முறையைக் கற்றார்கள். தரத்தைக் கவனிக்கும் பொறுப்பை வரிசையில் நிற்கும் தொழிலாளியிடமே ஒப்படைத்தார்கள். போட்டியாளரிடமே பாடம் கேட்கும் பணிவு அவர்களுக்கு இருந்தது. 1984-ஆம் ஆண்டு வண்டிகளில் 'எவல்யூஷன்' என்ற புதிய இயந்திரம் வந்தது. எண்ணெய் ஒழுகுவது நின்றது. அதே ஆண்டு வந்த 'சாஃப்டெயில்' வண்டியில் பின்புற அதிர்வுதாங்கியைக் கண்ணுக்குத் தெரியாமல் அடியில் ஒளித்து வைத்தார்கள். பார்வைக்குப் பழைய வண்டி; பயணத்துக்குப் புதிய வண்டி. 1987-இல் வரிப் பாதுகாப்பு இனி வேண்டாம் என்று அந்த நிறுவனமே கேட்டுக்கொண்டது.

1983-இல் தொடங்கிய உரிமையாளர் சங்கமும் பெரிதாக வளர்ந்தது. வண்டி வாங்கியவருக்கு வழித்துணையும் கிடைத்தது. ஓய்விடத்தில் நீங்கள் கண்ட பத்துப் பன்னிரண்டு பேரும் சேர்ந்தே வருவதற்கு இத்தகைய சங்கங்களும் ஒரு காரணம். 1994-இல் தன் இயந்திரத்தின் ஓசையையே வணிகச் சின்னமாகப் பதிய விண்ணப்பித்தது நிறுவனம். போட்டியாளர்கள் எதிர்த்தார்கள், 2000-இல் அந்த முயற்சி கைவிடப்பட்டது. 2006-இல் ஏறத்தாழ 3,49,000 வண்டிகள் அனுப்பப்பட்டன. அந்த ஆண்டில் பாகங்களும் துணைக்கருவிகளும் மட்டுமே 800 மில்லியன் வெள்ளிக்கு மேல் வருவாய் தந்தன. வண்டியை ஒருமுறைதான் விற்கலாம். பாகங்களை ஆண்டுதோறும் விற்கலாம். பழுதாகிக் கிடக்கும் வண்டிக்கும் பாகம் பாகமாக மதிப்புண்டு. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது இதற்கும் பொருந்தும்.

ஆனால் அந்த ஏற்றம் நிலைக்கவில்லை. 2008-இன் நிதி நெருக்கடி ஒரு பக்கம். வாங்கிய தலைமுறைக்கு வயதாவது மறு பக்கம். 2018-இல் ஐரோப்பிய ஒன்றியம் அமெரிக்க மோட்டார் சைக்கிள்களின் வரியை 6 விழுக்காட்டிலிருந்து 31 விழுக்காடாக உயர்த்தியது. ஒரு காலத்தில் வேலியாய் நின்ற வரி, இப்போது எதிர்ப்புறத்திலிருந்து வந்து தாக்கியது. அந்த ஆண்டிலேயே, நம் வட்டாரத்தின் வரிச்சுமையைக் குறைக்கும் நோக்கமும் கொண்டு, தாய்லாந்தில் ஒரு தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. 2023-இல் சிறப்புப் பதிப்பு வண்டிகளின் விலை அமெரிக்காவிலேயே 40,000 வெள்ளியைத் தாண்டியது. 2024-இல் அனுப்பப்பட்ட வண்டிகளோ 2006-இல் இருந்ததில் பாதிக்கும் குறைவு. இளைஞர் எட்ட முடியாத உயரத்துக்கு விலை ஏறினால், அந்தப் பெயரை நாளை யார் சுமப்பார் என்ற கேள்வி எழத்தான் செய்கிறது.

நேயர்களே, பெயர் என்பது ஒரு வைப்புநிதி போன்றது. கொட்டகையில் உழைத்த நால்வரும், அவர்களுக்குப் பின் வந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்களும் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்தது அது. அடுத்து வருபவர் அதிலிருந்து எடுத்துச் செலவழிக்கலாம். திருப்பிப் போடாவிட்டால் ஒரு நாள் பெட்டி காலியாகும். 1970-களில் பெட்டி காலியாகும் நிலைக்கு வந்தது. 1980-களில் அதை நிரப்பியவை விளம்பரங்கள் மட்டுமல்ல. எண்ணெய் ஒழுகாத இயந்திரமும் பொறுப்பேற்ற தொழிலாளியின் கைகளும்கூட.

ஆகவே ஓய்விடத்தில் உங்கள் மகன் மறுபடியும் விலையைக் கேட்டால், தொகையைச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். அதில் எவ்வளவு இரும்புக்கு, எவ்வளவு பெயருக்கு என்று அவனையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டிக்கு மட்டுமல்ல, காலணிக்கும் கைக்கடிகாரத்துக்கும்கூட அந்தக் கேள்வி அவனுக்கு வாழ்நாள் முழுதும் உதவும்.