பாலும் பத்தியமும்: நெஞ்செரிச்சலின் கதை

"நெஞ்சு எரியுதா? ஒரு டம்ளர் பால் குடி, சரியாப் போயிடும்." இந்த வைத்தியத்தைக் கேள்விப்படாதவர்கள் இருக்க முடியாது. காரம் கூடாது, புளி கூடாது, பால் நல்லது என்ற பட்டியலும் கூடவே வரும். இதற்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறே இருக்கிறது. அதில் நல்லதும் உண்டு, உயிரோடு விளையாடியதும் உண்டு.

கதை 1822 ஜூன் 6 அன்று தொடங்குகிறது. அமெரிக்காவின் மாக்கினாக் தீவில் ஒரு கம்பளித்தோல் கம்பெனியின் கடை. அங்கே ஒருவரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்து, பக்கத்தில் நின்ற அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கனடா நாட்டுப் படகுக் கூலியின் இடது விலாவுக்குக் கீழே பாய்ந்தது. ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் ஓடி வந்து பார்த்தார். பிழைப்பான் என்ற நம்பிக்கை அவருக்கே இல்லை. ஆனாலும் ஆள் பிழைத்துவிட்டார். காயம் மட்டும் மூடவில்லை! இரைப்பையின் சுவர் தோலோடு ஒட்டி ஆறிப்போனதால், வெளியிலிருந்து நேராக வயிற்றுக்குள் எட்டிப் பார்க்கும்படி ஓர் ஓட்டை நிலைத்துவிட்டது.

போமான்ட் இதை விடுவாரா? 1825இல் மாட்டிறைச்சி, பன்றிக் கொழுப்பு, ரொட்டி, முட்டைக்கோஸ் என்று துண்டு துண்டாகப் பட்டு நூலில் கட்டி அந்த ஓட்டை வழியாக உள்ளே விட்டார். அவ்வப்போது வெளியே இழுத்து எது எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்த்தார். பாவம் செயின்ட் மார்ட்டின்! பொறுக்க முடியாமல் கனடாவுக்குப் போய்விட்டார். சில வருடங்கள் கழித்து மறுபடி வரவழைத்துச் சோதனை தொடர்ந்தது. 238 சோதனைகளைத் தொகுத்து 1833இல் போமான்ட் புத்தகம் போட்டார். இதற்கு நடுவில் லண்டனில் வில்லியம் பிரவுட், இரைப்பையில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் என்று 1824இல் எழுதிவிட்டார்.

போமான்ட்டின் முடிவுகளில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எண்ணெய், கொழுப்பு மிகுந்த உணவு செரிக்கக் கடினம் என்றதோடு அவர் நிறுத்தவில்லை. மனிதர்கள் பொதுவாகத் தேவைக்கு மேலே சாப்பிடுகிறார்கள் என்றும் எழுதினார். அளவுதான் பிரச்சினை என்ற அந்த வரியைப் பின்னால் வந்தவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோருடைய கண்ணும் அமிலத்தின் மேலேயே இருந்தது.

அமிலம் இல்லையென்றால் அல்சர் இல்லை என்ற எண்ணம் 1910 வாக்கில் மருத்துவர்களிடம் வலுவாக வேரூன்றியது. அப்படியானால் அமிலத்தை நாள் முழுக்க அடக்கி வைத்தால் போதுமே? சிகாகோ மருத்துவர் பெர்ட்ரம் சிப்பி 1915இல் அதற்கு ஒரு பத்தியம் வகுத்தார். காலையிலிருந்து இரவு வரை மணிக்கு ஒரு தடவை பாலும் க்ரீமும் சம அளவு கலந்து குடிக்க வேண்டும். இடையிடையே சோடா உப்பு, மக்னீசியா போன்ற காரப் பொடிகள். சில நாள் கழித்துத்தான் முட்டையும் கஞ்சியும். இது அல்சர்காரர்களுக்கு என்று வகுத்தது. ஆனால் அந்தக் காலத்தில் வயிற்று எரிச்சல், நெஞ்செரிச்சல் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கூடையில் கிடந்தவைதான். பாலும் பத்தியச் சாப்பாடும் நெஞ்செரிச்சல்காரர்களின் தட்டுக்கும் வந்து சேர்ந்தன.

குடித்தவுடன் எரிச்சல் அடங்கியது உண்மை. வினை பிறகுதான் வந்தது. பாலில் உள்ள கால்சியமும் காரப் பொடிகளும் அளவு மீறிச் சேர்ந்து சிலருக்குக் குமட்டல், தலைவலி, மனக்குழப்பம், சிறுநீரகக் கோளாறு வரை கொண்டுபோயின. 1923லேயே இதை மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். அதற்குப் பால்-கார நோய் என்றே பெயர். அதைவிடப் பெரிய அதிர்ச்சி 1960இல் வந்தது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 15 மருத்துவமனைகளின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்தார்கள். இந்தப் பால் பத்தியத்தில் இருந்தவர்களிடம் மாரடைப்பு மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. மணிக்கு மணி க்ரீம் குடித்தால் வேறென்ன ஆகும்? வயிற்றைக் காப்பாற்றப் போய் இதயத்தை அடகு வைத்த கதை!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பால் அமிலத்தை அடக்குகிறதா என்று 1976இல் அமெரிக்காவில் அளந்தே பார்த்தார்கள். கொழுப்புள்ள பால், கொழுப்பு நீக்கிய பால் எதுவானாலும் குடித்த பிறகு இரைப்பை முன்பைவிட அதிகமாக அமிலம் சுரந்தது. பாலில் இருக்கும் புரதமும் கால்சியமும் அதைத் தூண்டிவிடுகின்றன. கொஞ்ச நேரம் இதம், பிறகு பழைய குருடி கதவைத் திறடிதான்.

அல்சர் கதை அப்புறம் தனிப்பாதையில் போய்விட்டது. பெர்த் நகரத்து மருத்துவர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் என்ற பாக்டீரியாவைக் காரணமாகக் காட்டினார்கள். 1984இல் மார்ஷல் அதைத் தானே குடித்தும் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நெஞ்செரிச்சல் விஷயம் வேறு. அமிலம் மேலேறி உணவுக்குழாயைப் புண்ணாக்குகிறது என்று 1935இல் நியூயார்க் மருத்துவர் ஆஷர் விங்கெல்ஸ்டீன் தனி நோயாகவே விவரித்தார். பிரச்சினை அமிலம் இருப்பதில் இல்லை, அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லாததில்தான். உணவுக்குழாயின் அடியில் ஒரு வளையத் தசை வாசல் காக்கிறது. வயிறு முட்டச் சாப்பிட்டால் இரைப்பை விரிந்து அந்த வாசல் அடிக்கடி தளர்கிறது. தொப்பை இருந்தால் கீழிருந்து அழுத்தம். சாப்பிட்ட கையோடு படுத்தால் அமிலத்தைக் கீழே இழுத்து வைக்கும் புவியீர்ப்பின் உதவியும் போய்விடுகிறது.

1976இல் சிமெடிடின், 1988இல் ஒமெப்ரசோல் என்று மாத்திரைகள் வந்த பிறகு பத்தியத்தைப் பற்றிய கவலையே குறைந்துவிட்டது. அப்புறம்தான் நிதானமாகக் கணக்குப் பார்த்தார்கள். பழக்கவழக்க மாற்றங்கள் பற்றி நடந்த 100 ஆய்வுகளை 2006இல் ஒரு குழு அலசியது. தலைமுறை தலைமுறையாக மருத்துவர்கள் கொடுத்த தடைப்பட்டியலில், காப்பி, சாக்லெட், காரம், புளிப்பு ஆகியவற்றை நிறுத்தினால் குணமாகும் என்பதற்குப் போதுமான ஆதாரம் கிடைக்கவில்லை. பலன் தெளிவாகத் தெரிந்தவை இரண்டுதான்: எடையைக் குறைப்பது, கட்டிலின் தலைமாட்டை உயர்த்துவது. தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் அரை அடிக் கட்டையோ செங்கல்லோ வைத்தால் போதும். தலையணையை அடுக்குவது உதவாது. இடுப்பில் மடங்கி வயிறு இன்னும் அழுந்தும்.

இதனால் உணவுக்குச் சம்பந்தமே இல்லை என்று ஆகிவிடாது. சுமார் 43,000 அமெரிக்க நர்ஸ்களின் தகவல்களை வைத்து 2021இல் ஓர் ஆய்வு வெளியானது. சரியான எடை, புகைக்காமை, தினம் அரை மணி நேர உடற்பயிற்சி, காப்பி, டீ, சோடா எல்லாம் சேர்த்து நாளைக்கு 2 கோப்பைக்குள், காய்கறியும் முழுதானியமும் நிறைந்த சாப்பாடு. இந்த ஐந்தும் இருந்திருந்தால் நெஞ்செரிச்சல் தொல்லையில் 37 சதவீதம் வரை தவிர்த்திருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இதனால் பலன் தெரிந்தது.

2022இல் அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையொட்டித்தான் பேசுகிறது. எடை, தலைமாடு, புகை ஆகியவற்றோடு, படுப்பதற்கு 2 அல்லது 3 மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடிக்கச் சொல்கிறது. எந்த உணவை விலக்குவது? யாருக்கு எது தொல்லை தருகிறதோ அதை மட்டும். மிளகாய் ஒத்துக்கொள்கிறவர் மிளகாயைச் சாப்பிட்டுக்கொள்ளலாம்!