முன்னுரை, முடிவுரை, சாட்சியம்

பத்தாம் வகுப்புத் தமிழ்த்தாளில் கட்டுரை வினாவுக்கு ஒரு வார்ப்பு இருக்கிறது. தலைப்பு, முன்னுரை, உள்தலைப்புகள், முடிவுரை. அடிக்கோடு போட்டால் இன்னும் நல்லது. எழுதும் பிள்ளையைவிடத் திருத்தும் கையை ஒழுங்குபடுத்தவே இந்த வார்ப்பு உதவுகிறது என்பது என் கட்சி. செங்கல்பட்டு, மாமல்லபுரம் கரைப் பள்ளி நோட்டுகளைப் பல வருஷம் வாசித்தவன் என்கிற முறையில் இதைச் சொல்கிறேன். ஆனால் கதை பள்ளிக்கூடத்தில் ஆரம்பிக்கவில்லை.

1822இல் சென்னை கவர்னர் தாமஸ் மன்ரோ கலெக்டர்களிடம் பள்ளிக் கணக்குக் கேட்டார். செங்கல்பட்டிலிருந்தும் கணக்குப் போனது. 1826இல் தொகுத்தபோது மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். எத்தனை பேர், என்ன சாதி, என்ன புத்தகம், மாசச் சம்பளம் எவ்வளவு என்றெல்லாம் கேட்டவர்கள், பிள்ளை நடந்த ஒன்றைச் சொந்தமாகச் சொல்லுமா என்று கேட்கவில்லை.

இந்தக் கணக்கு நூறு வருஷம் கழித்து லண்டனில் சண்டைக்கு வந்தது. 1931இல் காந்தி, ஐம்பது நூறு வருஷத்துக்கு முன்னால் இருந்ததைவிட இந்தியாவில் இப்போது எழுத்தறிவு குறைவு என்று பேசினார். ஆதாரம் எங்கே என்று விடாமல் துரத்தியவர் ஃபிலிப் ஹார்ட்டாக், டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். வேடிக்கை என்னவென்றால், காந்தியின் எண்ணை நம்பாத அதே மனிதர் 1935இல் ரோட்ஸ் என்பவரோடு சேர்ந்து தேர்வு மார்க் என்கிற எண்ணின் மானத்தையும் வாங்கினார். ஒரே மார்க் வாங்கியிருந்த 15 வரலாற்று விடைத்தாள்களை 15 தேர்வாளர்களிடம் கொடுத்தார்கள். ஒரு வருஷத்துக்குமேல் இடைவெளி விட்டு அதே தாள்களை மறுபடி 14 பேரிடம் கொடுத்தார்கள். 210 தீர்ப்புகளில் 92இல் ஒருவர் தன் பழைய தீர்ப்பையே மாற்றியிருந்தார். பாஸான பையன் ஃபெயில், ஃபெயிலானவன் பாஸ். வரலாற்றுத் தாளுக்கே இந்தக் கதி!

1961இல் அமெரிக்காவில் பால் டீடரிச் 300 கட்டுரைகளை 53 பேரிடம் வாசிக்கக் கொடுத்தார். இருந்தது ஒன்பது படித்தரம். நூற்றுக்கு 94 கட்டுரைகள் ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட வெவ்வேறு தரங்களைப் பெற்றன. சிலர் கருத்தைப் பார்த்தார்கள், சிலர் எழுத்துப்பிழையை. இதற்கு மருந்தாக உலகெங்கும் வந்தது விடைக்குறிப்பு என்கிற அதிகாரப் பிரதி. எல்லோரும் ஒரே மாதிரி மார்க் போட வேண்டுமா? எல்லோர் கண்ணுக்கும் ஒரே மாதிரி தெரிவதை மட்டும் அளந்தால் போச்சு. முன்னுரை தெரியும். அடிக்கோடு தெரியும். கதையில் உண்மை இருக்கிறதா என்பது தெரியாது.

மொழி இன்னொரு வேலி. இதே சென்னை மாகாணத்தில் 1910களில் கிடுகு ராமமூர்த்தியும் கூட்டாளிகளும் உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகள் தெலுங்குக் கட்டுரையை வழக்குமொழியில் எழுதலாமா கூடாதா என்று பண்டிதர்களோடு மல்லுக்கு நின்றார்கள். பரீட்சைத்தாள் ஒரு மொழியின் போர்க்களமாயிற்று.

இப்போது கரைக்கு வருவோம். கடலுக்குள் கோயில் கிடக்கிறது என்பது மாமல்லபுரம் மீனவர்களின் பழைய பேச்சு. 2002 ஏப்ரலில் தேசியக் கடலாய்வு நிறுவனமும் ஒரு பிரிட்டிஷ் குழுவும் அந்தப் பேச்சை நம்பித்தான் முழுகின. கட்டுமானச் சிதைவுகள் கிடைத்தன. 2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்வாங்கியபோது பார்த்தவர்கள் சொன்னதையும் தொல்லியல் துறை காது கொடுத்துக் கேட்டது. ஆய்வாளருக்குத் தேவைப்படும்போது மீனவர் சொல் சாட்சியம்.

அந்த மீனவரின் பிள்ளை எழுதினால்? சுனாமிக்குப் பிந்தைய வருஷங்களில் ‘இயற்கைச் சீற்றம்’ பள்ளிகளில் அடிக்கடி வந்த தலைப்பு. நான் பார்த்த நோட்டுகளில் பெரும்பாலானவை ‘இயற்கை அன்னை’ என்று தொடங்கி விழிப்புணர்வில் முடிந்தன. வீட்டில் சாவு விழுந்த பிள்ளையும் அதையேதான் எழுதியிருந்தது. ஒரு பையன் மட்டும் தண்ணி உள்ள போனதையும், பசங்க மீன் பொறுக்க ஓடியதையும், ஆயா மட்டும் “ஓடாதடா” என்று கத்தியதையும் எழுதி, அதோடு நிறுத்திவிட்டான். பத்துக்கு ஒரு ஆசிரியர் ஏழு போட்டார், இன்னொருவர் மூன்று. “முடிவுரை இல்லையே சார்” என்றார் மூன்று போட்டவர்.

பேச்சுமொழியில் எழுதினாலே உன்னதம் என்று நம் தோழர்கள் சிலர் சொல்வதோடு எனக்கு ஒப்புதல் இல்லை. சினிமாச் சண்டையைப் பேச்சுமொழியில் இறக்கிவைத்த நோட்டுகளும் உண்டு, அவை குப்பை. செங்கல்பட்டுப் பெண் ஒருத்தி சுத்தமான எழுத்துத் தமிழில் ரேஷன் வரிசையைப் பற்றி எழுதினாள். யார் முன்னால் நின்றார், யார் இடையில் புகுந்தார், எடை எப்போது குறைந்தது, எல்லாம் வரிசையாக இருந்தது. அது தரம்.

நடந்ததைச் சொல்லத் தெரிவது இந்த மாவட்டத்தில் இலக்கிய விவகாரம் மட்டுமில்லை. 1891இல் கலெக்டர் ட்ரெமன்ஹீர் செங்கல்பட்டுப் பறையர் நிலை பற்றி எழுதியது அரசு ஆவணமாயிற்று, பஞ்சமி நிலத்துக்கு வழி திறந்தது. 1994இல் காரணையில் அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் சொன்னது வெறும் மனு. அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு, ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். தன் கதையைத் தானே எழுத வேண்டிய பிள்ளைகளுக்கு நாம் கற்றுக்கொடுப்பது முன்னுரை.

2019-20 முதல் பத்தாம் வகுப்புத் தமிழ் ஒரே தாளாகிவிட்டது, எழுத இருக்கும் இடமும் சுருங்கிற்று. திருத்தும் முகாமில் ஒரு நாளைக்கு இத்தனை தாள் என்று கணக்கு, அங்கே எதையும் மாற்ற முடியாது. ஒன்பதாம் வகுப்பில் முடியும், அங்கே பொதுத்தேர்வு இல்லை. ஒரு நோட்டை இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே வாசிக்கட்டும். சொல்கிறவர் எங்கே நின்று பார்த்தார், எதற்குப்பின் எது நடந்தது, வேறொருவர் எழுத முடியாத ஒரு விவரமாவது உண்டா, எதைச் சொல்லாமல் விட்டார் என்று பார்க்கட்டும். மார்க் ஏழும் மூன்றுமாகப் பிரிந்தால், சராசரி ஐந்து என்று போடாமல் பேசட்டும், பையனையும் பக்கத்தில் உட்காரவைத்து.