செம்பாக்கம் ஏரிக்கரை

காலையில் நடக்க வருகிறவர்களுக்குச் சென்னையின் தென்புறமுள்ள செம்பாக்கம் ஏரிக்கரை ஒரு வாக்கிங் பாதை. என் கண்ணுக்கு அது அணைதான். மண்ணை அடித்து இறுக்கி எழுப்பிய கரை, வயலுக்குத் தண்ணீர் விட மதகு, மிஞ்சியது வழியக் கலங்கல், வேறென்ன வேண்டும்? சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் ஏரிகளின் உபரி இங்கே வரும். இங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு.

இப்படிப்பட்ட ஏரிகளைக் கவனிக்க உத்திரமேரூரில் 10ஆம் நூற்றாண்டிலேயே ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆள் எடுத்தார்கள். பின்னாளில் ஊரே கூடிக் கரையைச் செப்பனிடும் குடிமராமத்து. 1858இல் வெள்ளைக்காரன் அதைச் சட்டமாக்கினான். சட்டம் வந்தும் வழக்கம் தேய்ந்தது.

எங்கள் பக்கம் ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல்களான ஆயக்கட்டே மனையானது. மதகு திறக்கும் நீர்க்கட்டிக்கு வேலையில்லை. ஏரிக்கு வந்ததோ சாக்கடை. அண்மையில் தூர்வாரிச் சீரமைத்தார்கள், நல்லது. கலங்கலுக்குக் கீழே கால்வாயையும் யாராவது அளந்து பார்க்கட்டும்.