மழையா, வெயிலா?



1943-ல் சயாம் ரயில்பாதை வேலைக்கு என் பாட்டியின் தகப்பனாரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பவே இல்லை. "அன்னிக்குக் கொட்டுற மழைடா" என்பார் பாட்டி. "எங்கேக்கா மழை? மொட்டை வெயிலு. அப்பா தலையில துண்டு போட்டிருந்தாரு" என்பார் அவர் தம்பி. சொல்லும்போது இருவருக்கும் கண் கலங்கும். யார் சொல்வது பொய் என்று சிறு வயதில் எனக்குக் குழப்பம். பொய்யே இல்லை என்று பின்னாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் படிப்பின் வரலாறு இது.

ஞாபகத்தை முறையாக அளந்து பார்த்த முன்னோடி, ஜெர்மானியரான எபிங்ஹாஸ். பொருளே இல்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எத்தனை நாளில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்குப் போட்டு 1885-ல் நூலாக வெளியிட்டார். நம் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பதைவிடச் சலிப்பான வேலை! அதில் அழுகையும் இல்லை, பயமும் இல்லை.

1977-ல் பிரவுன், குலிக் என்ற இருவர், அதிர்ச்சியான செய்தி புகைப்படம்போல் மனத்தில் பதிந்துவிடும் என்று எழுதினார்கள். அதிபர் கென்னடி 1963-ல் சுடப்பட்ட செய்தியைக் கேட்ட நேரத்தைப் பலர் அப்படித்தான் சொன்னார்கள். சரி, அந்தப் படம் உண்மையான படந்தானா?

28.1.1986 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் மாண்டார்கள். மறுநாள் காலையே அமெரிக்கப் பேராசிரியர் நைசர், செய்தியை எங்கே, யாரிடம் கேட்டீர்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். ஏறத்தாழ இரண்டரை ஆண்டு கழித்து 44 பேரிடம் மறுபடி கேட்டார். 11 பேர் சொன்னது முழுக்கத் தவறு! "நல்லா ஞாபகம் இருக்கு" என்று அடித்துச் சொன்னவர்களும் அதில் உண்டு. அவர்கள் கையெழுத்தையே காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை.

1987-ல் இன்னொரு சோதனை. படத்தில் கல்லாக்காரரிடம் ஒருவன் துப்பாக்கியை நீட்டினால், பார்ப்பவர் கண் துப்பாக்கியிலேயே நிற்கிறது. அவன் முகம் சரியாகப் பதிவதில்லை.

ஆனால் படம் பார்ப்பது வேறு, நேரில் நடுங்குவது வேறு அல்லவா? அதற்காக ஒருவரை நிஜமாகவே ஆபத்தில் தள்ள முடியுமா? இங்கேதான் மெய்நிகர் கருவி கைகொடுத்தது. 1968-ல் சதர்லேண்ட் என்பவர் தலையில் மாட்டிப் பார்க்கும் கருவி செய்தார். அதைக் கூரையிலிருந்து தொங்கவிட்டார்கள். 2002-ல் வட கரோலினா பல்கலைக்கழகத்தார் இதே வகைக் கருவியில் ஓர் ஆழமான பள்ளத்தைக் காட்டினார்கள். நிற்பது தரையில்தான் என்று தெரிந்தும் இதயம் படபடவென்று அடித்தது. பள்ளம் பொய், பயம் நிஜம்! நினைவை ஆராய்பவர்களுக்கு வேறென்ன வேண்டும்? எல்லாருக்கும் ஒரே பயத்தைக் காட்டலாம். என்ன நடந்தது என்பது கணினியில் அப்படியே இருக்கும். பிறகு அவர்கள் சொல்வதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அந்த லாரிக்கு அப்படி எந்தப் பதிவும் கிடையாது. இரண்டு பேரின் நினைவுதான் மிச்சம். ஆகவே இருவரையும் தனித்தனியே உட்காரவைத்துக் கேட்டு, தேதி போட்டு ஒரே நோட்டில் எழுதி வைத்தேன். மழை ஒரு பக்கம், வெயில் மறுபக்கம். லாரியின் பின்பலகையைப் பிடித்திருந்த தகப்பனாரின் கையை மட்டும் இரண்டு பேரும் ஒன்றுபோலவே சொன்னார்கள்.