வரிசையில் நின்று வாங்கிய கார்: அமெரிக்காவில் முதல் ஹைபிரிட்கள்

அமெரிக்காவில் கார் வாங்குவது பொதுவாகக் காத்திருந்து செய்கிற காரியம் அல்ல. டீலரின் மைதானத்தில் நூற்றுக்கணக்கான கார்கள் வரிசையாக நிற்கும். பிடித்ததை ஓட்டிப் பார்த்து, விலை பேசி, கையெழுத்துப் போட்டால் அன்று மாலையே வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடலாம். முதல் ஹைபிரிட் கார்கள் வந்தபோது இந்த வழக்கம் தலைகீழானது. முன்பணம் கட்டிவிட்டு, கார் எப்போது வரும் என்று வாடிக்கையாளர்கள் காத்திருந்தார்கள். அந்த வரிசையில் யார் முதலில், யார் கடைசியில், என்ன விலைக்கு என்பதை முடிவு செய்தது யார்? ஹைபிரிட் காரின் தொழில்நுட்பத்தைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்கவில்லை.

இரண்டு கார்கள்

ஹைபிரிட் என்றால் பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற கார். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியைப் பேட்டரியில் சேமித்து, வேகம் எடுக்கும்போது திருப்பித் தரும். டொயோட்டா தன் பிரியஸ் காரை 1997 டிசம்பரில் ஜப்பானில் அறிமுகம் செய்தது. விலை 21.5 லட்சம் யென். மாதம் 1,000 கார் போதும் என்று திட்டமிட்டிருந்தார்கள். ஆர்டர்கள் குவிந்ததால் சீக்கிரமே அதை இரண்டு மடங்காக்க வேண்டி வந்தது.

ஆனால் அமெரிக்காவில் முந்திக்கொண்டது ஹோண்டா. 1999 டிசம்பரில் இன்சைட் விற்பனைக்கு வந்தது. இரண்டே இருக்கை, அலுமினிய உடல், 1 லிட்டருக்கும் சற்றுக் குறைவான மூன்று சிலிண்டர் இன்ஜின். விலை 18,880 டாலர். நெடுஞ்சாலையில் ஒரு கேலனுக்கு 70 மைல் என்று அரசு மதிப்பீடு சொன்னது. அதாவது லிட்டருக்குக் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர்! என்எஸ்எக்ஸ் என்ற விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார் தயாரான அதே சிறிய தொழிற்சாலையில்தான் இன்சைட்டும் தயாரானது. ஆயிரக்கணக்கில் கொட்டித் தரக்கூடிய இடம் அல்ல அது. 1999-ல் அமெரிக்காவில் விற்றவை வெறும் 17 கார்கள். 2000-ல் 3,788. நாடு முழுக்க இருக்கிற ஹோண்டா டீலர்களுக்கு இதைப் பங்கு போட்டால் ஆளுக்கு எத்தனை தேறும் என்று யோசித்துப் பாருங்கள்.

நடுவில் நிற்பவர்

இங்கே அமெரிக்க டீலர்களின் நிலையைப் புரிந்துகொள்ள வேண்டும். அங்கே டீலர் என்பவர் கம்பெனியின் ஊழியர் இல்லை. தனி வியாபாரி. கம்பெனியிடம் காரை வாங்கி, மக்களுக்கு விற்பவர். அவரை ஒதுக்கிவிட்டுக் கம்பெனியே நேரடியாக விற்க முடியாதபடி பெரும்பாலான மாநிலங்களில் சட்டம் உண்டு. பெரிய கம்பெனிகள் தங்களை நினைத்தபடி நசுக்கிவிடக் கூடாது என்று டீலர்கள் போராடிப் பெற்ற பாதுகாப்பு அது.

புதுக்காரின் கண்ணாடியில் ஒரு விலைச்சீட்டு ஒட்டியிருக்கும். 1958-ல் வந்த சட்டத்தின்படி அது கட்டாயம். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த செனட்டர் மைக் மன்ரோனியின் பெயரால்தான் அந்தச் சீட்டை இன்றும் அழைக்கிறார்கள். ஆனால் அதில் இருப்பது கம்பெனி பரிந்துரைக்கும் விலை மட்டுமே. கார் தேங்கி நின்றால் டீலர் அதைவிடக் குறைத்துக் கொடுப்பார். கார் கிடைக்காத காலத்தில் கூட்டியும் கேட்கலாம். சட்டம் தடுக்காது.

இதனால் குறைவாகத் தயாராகும் காரை ஆர்டர் செய்தவரின் நிலை விசித்திரமானது. தொழிற்சாலையிடம் அவர் பெயரே இருக்காது. டீலருக்கு இத்தனை கார் என்று கம்பெனி ஒதுக்கும். அந்த டீலர் கையில் வைத்திருக்கும் பட்டியலில்தான் அவர் பெயர் இருக்கும். முன்பணத்துக்கு என்ன ரசீது, விலை எழுத்தில் இருக்கிறதா, கேட்ட நிறம் வராவிட்டால் என்ன ஆகும், எல்லாமே அந்த ஒரு கடைக்காரரின் நாணயத்தைப் பொறுத்தது.

இணையத்துக்குப் போன வரிசை

டொயோட்டா 2000-ல் பிரியஸை 19,995 டாலருக்கு அமெரிக்கா கொண்டுவந்தபோது ஒரு புது வழியை முயன்றது. விற்பனை தொடங்கும் முன்பே வாடிக்கையாளர் இணையத்தில் கோரிக்கையைப் பதிவு செய்து, ஒரு டீலரையும் தேர்ந்தெடுக்கலாம். கார் அவர் மூலமாகவே வந்து சேரும். சட்டப்படி விற்பவர் டீலர்தான். ஆனால் எத்தனை பேர், எந்த ஊரில் காத்திருக்கிறார்கள் என்பது முதல் தடவையாகக் கம்பெனிக்கே நேரடியாகத் தெரிந்தது.

2003 இறுதியில் இரண்டாம் தலைமுறை பிரியஸ் வந்ததும் கூட்டம் அலைமோதியது. அமெரிக்காவுக்கு முதலில் 36,000 கார்கள் என்று திட்டமிட்ட டொயோட்டா அதை 47,000 ஆக்கியது. 2004-ல் விற்றதோ 53,991. அப்படியும் பல ஊர்களில் மாதக்கணக்கில் காத்திருப்பு. சீட்டு விலைக்கு மேல் சில ஆயிரம் டாலர் கேட்ட டீலர்களும் உண்டு, பட்டியலை மாற்றாமல் சொன்ன விலைக்கே கொடுத்தவர்களும் உண்டு. 2005 செப்டம்பரில் கத்ரீனா புயலுக்குப் பின் பெட்ரோல் கேலன் 3 டாலரைத் தாண்டியபோது வரிசை இன்னும் நீண்டது.

தாமதத்தின் விலை

காத்திருப்பது வெறும் பொறுமைச் சோதனையாக மட்டும் இல்லை. 2005-ல் நிறைவேறிய எரிசக்திச் சட்டம், 2006 முதல் ஹைபிரிட் வாங்குவோருக்கு வரிச்சலுகை கொடுத்தது. பிரியஸுக்கு 3,150 டாலர். ஆனால் ஒரு கம்பெனி 60,000 கார் விற்றுவிட்டால் சலுகை படிப்படியாகக் குறையும். டொயோட்டா சில மாதங்களிலேயே அந்த எண்ணைத் தொட்டுவிட்டது. 2006 அக்டோபர் 1 முதல் சலுகை பாதியாகி 1,575 டாலர் ஆனது. 2007 செப்டம்பருக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. இதில் கணக்கு ஆர்டர் கொடுத்த நாள் அல்ல, கார் கைக்கு வந்த நாள். ஜூலையில் முன்பணம் கட்டியவருக்குக் கார் அக்டோபர் முதல் வாரம் வந்திருந்தால் பாதிச் சலுகை போச்சு!

கலிபோர்னியாவில் இன்னொரு பந்தயம். குறிப்பிட்ட ஹைபிரிட்களை ஓட்டுபவர் தனியாகப் போனாலும் கார்பூல் பாதையில் செல்ல ஸ்டிக்கர் கொடுத்தார்கள். மொத்தம் 85,000 தான். 2007 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டது. தினமும் நெரிசலில் மணிக்கணக்கில் நிற்பவருக்கு அந்த ஸ்டிக்கரின் அருமை தெரியும். வரிசையில் பின்னால் இருந்தவருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

வரிசை சொன்ன பாடம்

இன்சைட்டின் முடிவு வேறு மாதிரி. 2001-ல் 4,726 விற்ற கார், 2004-ல் 583-க்கு இறங்கியது. இரண்டு இருக்கை மட்டும் உள்ள காரைக் குடும்பஸ்தர்கள் எப்படி வாங்குவார்கள்? உலகம் முழுக்க சுமார் 17,000 விற்ற பிறகு 2006-ல் தயாரிப்பு நின்றது. பிரியஸோ 2005-ல் அமெரிக்காவில் மட்டும் ஒரு லட்சத்தைத் தாண்டியது.

ஹைபிரிட்டை யாரும் வாங்க மாட்டார்கள் என்று சொன்னவர்களுக்குப் பதில் சொன்னது எந்த விளம்பரமும் அல்ல, டீலர்களின் மேஜையில் கிடந்த அந்தப் பெயர்ப் பட்டியல்கள்தான். பெட்ரோல் விலை ஏறுவதற்கு முன்பே, பேட்டரி எத்தனை நாள் உழைக்கும் என்றுகூடத் தெரியாமல் பெயர் கொடுத்தவர்கள் அவர்கள். அதன் பலன் கம்பெனிக்கும் பின்னால் வந்தவர்களுக்கும் போனது. கூடுதல் விலையையும் இழந்த சலுகையையும் சுமந்தவர்கள் அவர்கள்தான்.

2016-ல் டெஸ்லா தன் மாடல் 3 காருக்கு 1,000 டாலர் வாங்கிக்கொண்டு நேரடியாகப் பதிவு செய்தபோது, ஒரே வாரத்தில் மூன்று லட்சம் பேருக்கு மேல் பெயர் கொடுத்தார்கள். நடுவில் டீலர் இல்லை. விலையைக் கூட்டிக் கேட்க ஆள் இல்லை. ஆனால் காத்திருப்பு மட்டும் குறையவில்லை. பலருக்குக் கார் வர இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. பட்டியல் யார் கையில் இருந்தாலும், கார் குறைவாக இருக்கும்வரை காத்திருப்பவரின் கை தாழ்ந்துதான் இருக்கும். விலையையும் தேதியையும் எழுதி வாங்கிக்கொள்வது ஒன்றே அவருக்கு இருக்கும் பிடி.