டிபேஸ் வழக்கும் மென்பொருள் பதிப்புரிமைப் பதிவுப் பிழைகளும்

முன்னுரை

நூலைப் போலவே கணினி நிரலும் பதிப்புரிமைக்கு உரியது. அமெரிக்கச் சட்டப்படி, நிரலை எழுதிய உடனேயே அதன்மீது உரிமை தோன்றிவிடுகிறது. ஆயினும், அந்நாட்டில் உருவான படைப்பைப் பிறர் நகலெடுத்தார் என்று வழக்குத் தொடுக்க, முதலில் அதைப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவிலேயே பிழை இருந்தால் வழக்கு என்ன ஆகும்? இக்கேள்வி பெரிதாக எழுந்தது டிபேஸ் வழக்கில்தான்.

பதிவு விண்ணப்பம்

படைப்பு வெளியான ஐந்து ஆண்டுகளுக்குள் பதிவு செய்தால், பதிவுச் சான்றிதழே உரிமைக்கு முதல்நோக்குச் சான்றாகும். அந்த உரிமை செல்லாது என்று காட்டும் பொறுப்பு எதிர்த்தரப்பைச் சேரும். இத்தகைய மதிப்புடைய சான்றிதழைத் தரும் முன், விண்ணப்பதாரரிடம் அலுவலகம் சில விவரங்களைக் கேட்கிறது. படைப்பு முன்னரே இருந்த வேறொன்றைத் தழுவியது எனில், அந்த மூலத்தைக் குறிப்பிட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமே இதை வலியுறுத்துகிறது.

டிபேஸ் தோன்றிய வரலாறு

கலிபோர்னியாவிலுள்ள ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில், அரசு நிதியில் ஜேபிஎல்டிஸ் என்னும் தரவுத்தள நிரல் உருவாக்கப்பட்டது. அது யூனிவாக் பெருங்கணினியில் இயங்கியது. அந்த ஆய்வகத்தில் பணியாற்றிய வேய்ன் ராட்லிஃப், 1970களின் பிற்பகுதியில் அதை முன்மாதிரியாகக் கொண்டு, சிறு கணினிக்காக வல்கன் என்ற நிரலை எழுதினார். ஜார்ஜ் டேட், ஹால் லாஷ்லீ ஆகியோர் அதன் விற்பனை உரிமையைப் பெற்று, டிபேஸ் II என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தனர். இவர்களின் ஆஷ்டன்-டேட் நிறுவனம், 1980களில் தனிக்கணினித் தரவுத்தளச் சந்தையில் முதலிடம் பெற்றது.

ஓஹியோ மாநிலத்தின் ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் நிறுவனம், டிபேஸ் கட்டளைகளை ஏற்று இயங்கும் ஃபாக்ஸ்பேஸ் என்ற நிரலை வெளியிட்டது. அது டிபேஸைவிட விரைவாக இயங்கியதால் பயனர்கள் அதை நாடினர். 1988 நவம்பரில் ஃபாக்ஸ் மீது ஆஷ்டன்-டேட் உரிமை மீறல் வழக்குத் தொடுத்தது.

1990ஆம் ஆண்டுத் தீர்ப்பு

1990 டிசம்பர் 11 அன்று, லாஸ் ஏஞ்சல்ஸ் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி டெர்ரி ஹேட்டர், டிபேஸ் பதிப்புரிமை செல்லாது என்று அறிவித்தார். டிபேஸ், பொதுவுடைமையான ஜேபிஎல்டிஸ் நிரலிலிருந்து வந்தது என்பதை ஆஷ்டன்-டேட் அறிந்திருந்தும், பதிப்புரிமை அலுவலகத்திடம் பலமுறை மறைத்தது என்பதே காரணம். நீதி கேட்டு வருபவர் தூய கைகளுடன் வரவேண்டும் என்ற கோட்பாடு இங்கே பயன்பட்டது. ஃபாக்ஸ் நகலெடுத்ததா என்ற மூலக் கேள்வி ஆராயப்படவே இல்லை.

இத்தீர்ப்பு பிற நிறுவனங்களையும் கலங்கச் செய்தது. பழைய நிரல் ஒன்றை அடிப்படையாகக் கொள்ளாத மென்பொருள் அரிது. மூலத்தைக் குறிப்பிடாததற்காக முழு உரிமையும் போகும் என்றால், புதிதாக எழுதப்பட்ட பகுதிக்கும் காப்பு இராது. 1991 ஏப்ரலில் அதே நீதிபதி தம் தீர்ப்பைத் திரும்பப் பெற்றார்.

வழக்கின் முடிவு

1991இல் போர்லாண்ட் நிறுவனம் ஆஷ்டன்-டேட்டை வாங்கியது. போட்டியைப் பாதுகாக்கும் நோக்கில் அமெரிக்க நீதித்துறை தலையிட்டதால், ஃபாக்ஸ் மீதான வழக்கைக் கைவிட போர்லாண்ட் இசைந்தது. 1992இல் ஃபாக்ஸை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. டிபேஸ் கட்டளை மொழி யாருக்கு உரியது என்ற கேள்விக்கு இவ்வழக்கில் விடை கிடைக்கவில்லை.

பிற்காலச் சட்டம்

2008ஆம் ஆண்டுத் திருத்தம், பதிவுப் பிழைகளுக்கு இரு நிபந்தனைகளை வகுத்தது. தவறான தகவல் என்று தெரிந்தே அது சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். உண்மை தெரிந்திருந்தால் பதிவாளர் பதிவை மறுத்திருக்கவும் வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் சான்றிதழ் பயனற்றதாகும். இரண்டாவது நிபந்தனை குறித்து நீதிமன்றம் பதிவாளரின் கருத்தைக் கேட்க வேண்டும்.

‘தெரிந்தே’ என்பதன் பொருளை, 2022 பிப்ரவரியில் யூனிகலர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அது 31 துணி வடிவங்களை ஒரே விண்ணப்பத்தில் பதிந்தது பற்றிய வழக்கு. உண்மை நிலையை அறியாமல் செய்த பிழையைப் போலவே, சட்டத்தை அறியாமல் செய்த பிழையும் பதிவைக் கெடுக்காது என்று ஆறு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர், மூவர் மாறுபட்டனர். எனினும், வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டவர் அறியாமையைக் காரணம் காட்ட முடியாது. இவ்விதி மென்பொருள் பதிவுகளுக்கும் பொருந்தும்.

முடிவுரை

டிபேஸ் வழக்கிற்குப் பிறகு சட்டம் பிழையையும் மறைப்பையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டது. அறியாது நேர்ந்த பிழை இன்று வழக்கை வீழ்த்துவதில்லை. ஆனால், மூலம் எது என்பதை நன்கு அறிந்தும் எழுதாமல் விட்டவருக்கு இந்தப் பாதுகாப்பை நம்பியிருக்க முடியாது. திறமூல நிரல்களைச் சேர்த்தே மென்பொருள்கள் உருவாகும் இக்காலத்தில், எது பிறருடையது, எது தமது புதிய ஆக்கம் என்று தொடக்கத்திலேயே குறித்துவைப்பதே உரிமைக்கு உறுதி தரும்.